நரம்பு என்பது எது?

தம்பி, தங்கைகளே! உங்கள் புறங்கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பச்சையாக, நீளமாக ஓடுகிறதே, அது என்ன? "நரம்பு" என்பீர்கள். வீட்டில் பாட்டியும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனால் அது நரம்பு அல்ல, இரத்தக் குழாய். உண்மையான நரம்பு வெள்ளை நூல் மாதிரி உள்ளே மறைந்திருக்கும். அது இரத்தம் கொண்டு போகிற குழாய் அல்ல. செய்தி கொண்டு போகிற கம்பி. (உடம்பு அசதி என்றாலே "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி டானிக் விற்க வருகிறவர்களிடம், எந்த நரம்பு என்று பெரியவர்கள் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.)

தோட்டத்துக்கு ஓர் ஆபீஸ் இருப்பது போல் உடம்புக்கு ஆபீஸ் மூளை. பெரியவர்களுக்கு அதன் எடை ஏறக்குறைய 1.3 கிலோ. அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து முதுகெலும்புக்குள்ளே இறங்குகிற கனத்த கயிறுதான் முதுகுத் தண்டு. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளை பிரிந்து கை, கால், வயிறு என்று எல்லா இடத்துக்கும் போகின்றன.

சூடான கேத்தலில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அந்த உத்தரவை மூளை கொடுப்பதில்லை. லயத்தில் தீப்பிடித்தால் கங்காணி ஆபீசுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பாரா? முதுகுத் தண்டும் அப்படித்தான். தானே உத்தரவு போட்டுக் கையை இழுக்க வைத்துவிடும். மூளைக்குச் செய்தி அப்புறம்தான் போய்ச் சேரும். அதனால்தான் கையை எடுத்த பிறகு "ஐயோ" என்கிறோம்.

எல்லா நரம்பும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒயருக்கு மேலே ரப்பர் போட்டிருப்பது போலச் சில நரம்புகளுக்குக் கொழுப்பு உறை உண்டு. அவற்றில் செய்தி ஒரு விநாடிக்கு 100 மீட்டர்கூடப் போகும். உறையில்லாத மெல்லிய நரம்பில் விநாடிக்கு 1 மீட்டர் அளவுதான். கல்லில் கால் இடித்தால், இடித்தது முதலில் தெரியும். விண்விண்ணென்ற வலி கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். அதற்குக் காரணம் இதுதான்.

அம்மா இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டுறாங்க. பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் போகும். மேலாகப் போனால் பால் சரியாக வராது. அந்த அளவை விரல் நரம்புகளும் தசை நரம்புகளும் நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை அதைக் கேட்டுக் கையைத் திருத்துகிறது. "கை பழகிடுச்சு" என்று அம்மா சொல்லுவாங்க, பழகினது மூளை. படிப்பில்லாத வேலை என்று யாராவது இதைச் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி முக்கியமான பாடம். நரம்பு போய்த் தசையை நேராகத் தொடுவதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. செய்தி அதை எப்படித் தாண்டுகிறது? 1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு பரிசோதனை செய்தார். இரண்டு தவளை இருதயங்களை எடுத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்புக் குறைந்தது. அதைச் சுற்றி இருந்த நீரை மற்ற இருதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது! நரம்பு முனையிலிருந்து ஒரு இரசாயனம் கசிகிறது என்று அப்போது தெரிந்தது. இந்த யோசனை அவருக்குத் தூக்கத்தில் கனவாக வந்ததாம். 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இரசாயனத்தின் பெயர் அசிடைல்கோலின்.

அது சொல்ல வேண்டியதைச் சொன்னதும், கூட்டித் தள்ளுவதற்கு அங்கேயே ஒரு நொதி இருக்கிறது. கூட்டாவிட்டால் ஒரே உத்தரவு திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டே இருக்கும். 'ஆர்கனோபாஸ்பேட்' என்ற பூச்சிமருந்து வகை இந்த நொதியைத்தான் கட்டிப் போடுகிறது. பூச்சியின் நரம்பும் நம்முடைய நரம்பும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். செம்பனை மட்டையைத் தின்னும் புழுக்களுக்கு இந்த வகை மருந்துகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். (2020-இல் மலேசியாவில் தடை செய்யப்பட்ட பாராகுவாட் வேறு, அது கெடுப்பது முக்கியமாக நுரையீரலை.)

வாயால் குடித்தால்தான் விஷம் என்று நினைக்கக் கூடாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இது உள்ளே போகும். அப்பா மருந்தடித்துவிட்டு வந்த சட்டையோடு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளாதீர்கள், அவர் குளித்து வரட்டும். அந்த உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். காலி மருந்து டின்னில் தண்ணீர் பிடிக்கவே கூடாது, எத்தனை தடவை கழுவினாலும் சரி.

தலைவலி, வாந்தி, வேர்வை ஊற்றுவது, எச்சில் ஒழுகுவது, கண்பாவை ஊசிமுனை மாதிரி சுருங்குவது, தசை துடிப்பது, நெஞ்சடைப்பு: இவை அடையாளம். "வெயில் தாங்கலே, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று விட்டுவிட்டால், மூச்சு விடும் தசைகளே ஓய்ந்து உயிர் போய்விடலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வகை மருந்தோடு வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு தேவை என்று மலேசியாவின் 2000-ஆம் ஆண்டு இரசாயனப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களுக்கு அந்தப் பரிசோதனை நடக்கிறதா என்று கிளைச் செயலாளரிடம் கேளுங்கள்.

யாருக்காவது இந்த அடையாளங்கள் வந்தால், முதலில் அவரை மருந்துள்ள இடத்திலிருந்து வெளியே கொண்டு வர வேண்டும். நனைந்த உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் உடம்பைக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டின்னில் இருக்கும் லேபலைக் கையோடு எடுத்துப் போங்கள். அட்ரோபின் ஊசி போட வேண்டிய விஷமா, வேறா என்று டாக்டர் சீக்கிரம் முடிவு செய்ய அது உதவும்.