சாடியின் கைப்பிடியும் நூலின் முறுக்கும்



கல்பாக்கத்திற்குத் தெற்கே, பாலாறு கடலோடு கலக்கும் இடத்தில், வயலூரை அடுத்து வசவசமுத்திரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண வருவோருள் இவ்வூர் வரை வருவோர் மிகச் சிலரே. வருவோரும் ஏமாற்றம் அடையக்கூடும். கோபுரமில்லை, சிற்பமில்லை, மணலும் ஆற்று முகமும்தான் உண்டு. ஆயினும் பழமையில் நாட்டமுள்ள எனக்கு, ஒரு விடுமுறை நாளை இங்கே கழித்தது வீணாகத் தோன்றவில்லை. கடல் கடந்து வந்த திராட்சை மது இறங்கிய பழந்துறைகளுள் ஒன்றாக இவ்வூர் கருதப்படுகிறது.

1970ஆம் ஆண்டு வாக்கில், டாக்டர் இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில், தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தனர். உறைகிணறுகளும், அயல்நாட்டுச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. பெரும்பாணாற்றுப்படை கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் இதுவே என்பாரும் உளர். மாமல்லபுரமே அது என்பாரும் உளர். அந்த வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது சாடி.

இரு கைப்பிடிகளும் கூரிய அடிப்பாகமும் உடைய இச்சாடியை மேல்நாட்டார் 'ஆம்போரா' என்பர். ரோமானியர் கணக்கில் ஒரு ஆம்போரா என்பது ஏறத்தாழ 26 லிட்டர் அளவு. மது கசியாதிருக்க உட்புறம் பிசின் பூசுவர். கூரிய அடியைக் கண்டு, இதை எப்படி நிறுத்தி வைப்பது என்று நாம் வியக்கிறோம். கப்பலின் அடித்தட்டில் ஒரு வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு இடையே மேல்வரிசையின் கூர்முனைகள் செருகி நிற்கும். எனவே அலையிலும் அசையா. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் (56) குறிப்பிடுகிறார். அக்கலங்களின் உடைந்த துண்டுகளே இன்று தொல்லியலாரின் கையில் இருப்பவை.

இங்கே பயிரிடுவோர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கிரேக்கத் தீவாகிய கோஸ் என்பதன் திராட்சைக் குடியானவர்கள், கடல்நீர் கலந்து ஒருவகை மதுவைத் தயாரித்தனர். அது பெரும் புகழ் பெற்றது. இரண்டு தண்டுகளை ஒட்டவைத்தாற் போன்ற இரட்டைக் கைப்பிடியே அவர்களுடைய சாடியின் அடையாளம். புகழ் வந்ததும் போலியும் வந்தது. இத்தாலியில் இருந்துகொண்டே கோஸ் மதுவைத் தயாரிப்பது எப்படி என்று, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ என்ற ரோமானியர் தம் வேளாண்மை நூலில் செய்முறையே எழுதிவைத்தார். சாடியையும் அதே இரட்டைக் கைப்பிடியோடு இத்தாலியக் குயவர்கள் வனைந்தார்கள். ஆனால் மண் காட்டிக் கொடுத்துவிட்டது. வெசூவியஸ் எரிமலையை அடுத்த பாம்ப்பெய் வட்டாரக் களிமண்ணில் கரிய மணல் துகள்கள் கலந்திருக்கும். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த இரட்டைக் கைப்பிடி ஓடுகளுள் சில அத்தகையவை என்று ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்பும், எது எவ்வூர்ச் சரக்கு என்று சொல்ல முடிகிறது!

மது வந்தது, பதிலுக்கு என்ன போயிற்று? மிளகும் மணியும் முத்தும் போயின, துணியும் போயிற்று. பாம்பின் தோலுக்கும் புகைக்கும் நம் புலவர்கள் உவமித்த மெல்லிய துணி. நம் மண்ணின் ஈரத்தில் துணி நிலைப்பதில்லை. ஆகவே மது வந்ததற்கு ஓடு சாட்சி, துணி போனதற்கு இங்கே சாட்சியில்லை. சாட்சி எகிப்தில் கிடைத்தது. செங்கடற்கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தை 1994 முதல் அகழ்ந்தவர்கள், வறண்ட மணலுக்குள் பருத்தித் துணித் துண்டுகளைக் கண்டெடுத்தனர். அவற்றுள் இந்தியச் சரக்கு எது என்று எப்படி அறிந்தார்கள்? நூற்போர் எளிதில் உணர்வர். எகிப்தியர் நூலை ஒரு திசையில் முறுக்கினர். நம்மவர் அதற்கு எதிர்த்திசையில் முறுக்கினர். அந்த முறுக்கே நம் நாட்டவர் இட்ட கையெழுத்தாக நின்றது. அதே ஊரில் ஒரு சாடி ஓட்டின் மீது 'கொற்றன்' என்ற பெயர் தமிழ் பிராமியில் கீறப்பட்டுள்ளது. அவன் வணிகனோ மாலுமியோ, அறியோம். நூற்றவள் பெயரும் நெய்தவன் பெயரும் எங்குமில்லை.

வசவசமுத்திரத்திலிருந்து கல்பாக்கத்திற்குத் திரும்பினால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் இதைச் சத்ராஸ் என்றனர்; இங்கிருந்து மஸ்லின் துணி ஏற்றுமதியாயிற்று. கடலை நோக்கிய செங்கற் கோட்டையும், அதற்குள் சித்திர வேலைப்பாடமைந்த கல்லறைக் கற்களும் இன்றும் உள்ளன. 1782 பிப்ரவரியில் ஆங்கில, பிரெஞ்சுக் கடற்படைகள் இதற்கு அப்பால்தான் மோதின. அக்கதையை விட, துணி வாங்கிய முறை நமக்கு முக்கியம். கம்பெனியார் வணிகரிடம் முன்பணம் தருவர்; வணிகர் நெசவாளருக்குத் தருவர்; வந்த துணியை மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்து, தகாததைத் தள்ளிவிடுவர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுத் துறைகளில் வணிகர்கள் பங்குப்பணம் சேர்த்துக் கூட்டு நிறுவனங்களாகவும் இயங்கினர். நெசவாளருக்கு அத்தகைய கூட்டு வாய்க்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் நான் நினைத்துப் பார்க்க நேர்ந்தது ஒரு தணிக்கையால். ஒரு நெசவாளர் சங்கத்தில், விற்ற சேலைகளின் எண்ணிக்கையும் ஒட்டிய முத்திரைச் சீட்டுகளின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை. மொத்த வியாபாரி ஒருவர் சீட்டில்லாமல் கேட்டாராம். சேலைக்குச் சில ரூபாய் அதிகம் கொடுத்தாராம். "சீட்டையா உடுத்திக்கொள்ளப் போகிறார்கள், ஐயா?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். 2006இல் வந்த கைத்தறி முத்திரை பற்றியும், காஞ்சிப் பட்டுக்கும் 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் கிடைத்த புவிசார் குறியீடு பற்றியும் நான் சட்ட விதிகளோடு விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஒப்பவில்லை. கூடக் கிடைத்த ரூபாய் கையில் இருக்கும்போது விதி என்ன செய்யும்?

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் இன்னும் நால்வரையும் அழைத்துக்கொண்டு இவ்விரண்டு ஊர்களுக்கும் சென்றேன். ஆற்றோரத்தில் கோஸ் தீவின் கதையைச் சொன்னபோது அவர் பேசவில்லை. கோட்டைக்குள் கல்லறைக் கற்களில் செதுக்கிய பெயர்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவர்கள் வாங்கியவர்கள். நெய்தவர்களுக்குக் கல் எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். சீட்டின்றிச் சரக்கு வெளியே போகலாகாது என்னும் தீர்மானத்தை, அடுத்த மகாசபைக் கூட்டத்தில் வைப்பதற்காகத் தம் கையாலேயே எழுதித் தந்திருக்கிறார். கூட்டம் வரும் மாதம் நடக்கிறது. எதிர்ப்பும் இருக்கும் என்று கேள்வி.

இவ்வூர்களுக்குச் செல்ல விரும்பும் சங்கத்தார் காலையிலேயே புறப்படுவது நல்லது. பகலில் மணல் சுடும். வசவசமுத்திரத்தில் ஓடு ஏதும் காலில் தட்டினால், எடுத்துவராமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடவும்.