பரிசோதனைக்குத் துணையாகப் போவோம்

இந்த மாதப் பாடம்: சுகாதாரத் தொண்டர் பணி



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் நிறைய பாடம் படித்துவிட்டோம். இந்த மாதம் நம் உடம்பைப் பற்றிப் பேசுவோம். கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றியும், அதில் நம் குழுத் தொண்டர்கள் என்ன செய்ய முடியும் என்பது பற்றியும் பார்ப்போம். ஐயங்கார்குளத்திலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள எல்லாக் குழுக்களும் இதைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டுகிறோம்.

இது என்ன நோய்?

கருப்பையின் வாயில் வரும் புற்றுநோய் இது. எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமிதான் பெரும்பாலும் காரணம். இந்தக் கிருமி பல பெண்களுக்கு வந்து தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். அது புற்றுநோயாக மாற பொதுவாகப் பத்து, பதினைந்து வருடம், அதற்கு மேலும் ஆகும். அத்தனை வருடமும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது.

நம் ஊர் நடவாவிக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். வெளியே நின்றால் உள்ளே இருப்பது தெரியாது. படி இறங்கிப் போனால்தான் தெரியும். இந்த நோயும் அப்படித்தான்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாகவும், சுமார் 80,000 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. முன்கூட்டியே பார்த்திருந்தால் இதில் பலர் பிழைத்திருப்பார்கள்.

பரிசோதனை எப்படி இருக்கும்?

30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் செய்துகொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர் அல்லது டாக்டரம்மா கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் கலந்த தண்ணீரைத் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார். நாம் ஊறுகாய்க்குச் சேர்க்கும் வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். மாற்றம் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். கத்தி இல்லை, ஊசி இல்லை. சில நிமிடத்தில் முடிந்துவிடும். மாதவிடாய் நாட்களில் மட்டும் போக வேண்டாம்.

தமிழ்நாட்டில் முதலில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முறையில் நடந்த இத்திட்டம், 2012 முதல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. அரசு மருத்துவமனையில் இதற்குப் பணம் கிடையாது.

வெள்ளையாகத் தெரிந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. மேலும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நோய்க்கு முந்தைய நிலை என்றால் சின்ன சிகிச்சையிலேயே சரிசெய்துவிடலாம்.

திண்டுக்கல் சொல்லும் பாடம்

2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அதில் பங்கெடுத்தன. 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களை இந்தப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதித்தார்கள். 2007ல் முடிவு வெளியானது. பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டால், இந்த ஊர்களில் இந்த நோயால் இறப்பவர்கள் 35 சதவீதம் குறைந்திருந்தார்கள். உலகமே இதைக் கவனித்தது.

ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். அழைத்த 49,311 பேரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். கிட்டத்தட்ட 18,000 பேர் வரவில்லை. மருந்து இருந்தது, செவிலியர் இருந்தார், அழைப்பும் போனது. அப்படியும் வரவில்லை. நம் தொண்டரின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் ஊரில் ஏன் வருவதில்லை?

வீடு வீடாகப் போனால் நாம் கேட்கிற பதில்கள் இவைதான்.

"எனக்கு இன்னா நோவு? நல்லாத்தானே இருக்கேன்." நோவு வருவதற்கு முன்னால் பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை என்று சொல்லுங்கள்.

"தீட்டு நின்னு அஞ்சு வருஷம் ஆச்சு, குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு." இரண்டும் இந்த நோயைத் தடுக்காது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே காட்ட வேண்டும். உடலுறவுக்குப் பின் ரத்தம் படுதல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இவற்றையும் விடக்கூடாது.

"ஒரு நாள் கூலி போச்சுன்னா யாரு குடுப்பா?" இது நியாயமான கேள்வி. தறி வேலைக்கும் நடவுக்கும் இடையூறு இல்லாத நாளாகப் பார்த்து நாலைந்து பேராகப் போங்கள்.

"வெட்கமா இருக்கு." இதற்குப் பேச்சு பதிலாகாது. கூட ஒருத்தி வருவதுதான் பதில். கதவுக்கு வெளியே நம்ம அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

தொண்டர் கவனிக்க வேண்டியவை

1. முதலில் நீங்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "நான் போய் வந்தேன்" என்ற ஒரு வார்த்தைக்குப் பத்து நோட்டீஸின் பலம் உண்டு.

2. மாமியார், கணவரிடமும் பொறுமையாகப் பேசுங்கள். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். முடிவு அந்தப் பெண்ணுடையது.

3. "ஒண்ணும் இருக்காது, வா" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். இருந்துவிட்டால் பிறகு உங்களை நம்ப மாட்டாள். "இருந்தாலும் இப்பவே கண்டுபிடிச்சா சரி பண்ணிடலாம்" என்று சொல்லுங்கள்.

4. யாருக்கு என்ன முடிவு வந்தது என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். தீர்மான நோட்டில் பெயர் எழுதாதீர்கள். ஒருத்தியின் ரகசியம் வெளியே போனால் அடுத்த பத்து பேர் வரமாட்டார்கள்.

5. மறுபடி வரச் சொன்னவரை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் துணையைவிட இரண்டாம் நாள் துணைதான் முக்கியம். பெரிய சிகிச்சைக்குச் சென்னைதான் போக வேண்டும் என்றில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. போய்வரச் செலவுக்கு உள்கடன் கொடுக்க முடியுமா என்று குழுவில் பேசுங்கள்.

நம்மால் முடியுமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையை மறக்காமல், இந்திய மாதர் சங்கப் பெண்களோடு சேர்ந்து அவர் பாடுபட்டதால் 1954ல் 12 படுக்கைகளுடன் தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்த தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து போன பெண்கள்தான். படிப்பு குறைவு, நமக்கு என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். யார் வீட்டில் என்ன கஷ்டம், எந்த நேரத்தில் பேசலாம் என்பது டாக்டரைவிட நமக்கு நன்றாகத் தெரியும்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர்?

• இந்த மாதம் முதலில் போகப் போகிற மூன்று பேர் யார்? துணைக்குப் போகிறவர் யார்?

• அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?

கிராம சுகாதார செவிலியரிடம் பரிசோதனை நாளைக் கேட்டு வைத்து, அடுத்த கூட்டத்துக்குள் அந்த மூன்று பேரும் போய் வந்துவிடட்டும் சகோதரிகளே.