சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் நமது ஊராட்சிகளும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ‘கிராண்ட் சதர்ன் டிரங்க்’ சாலையை நாம் யாவரும் அறிவோம். தாம்பரம், செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் வழியாகத் திருச்சி வரை இதன் நீளம் ஏறத்தாழ 330 கிலோமீட்டராகும். பாலாற்றைக் கடந்து, மதுராந்தகம் ஏரியை ஒட்டி, நெல்லும் கரும்பும் விளையும் நிலங்களினூடே இது செல்கின்றது.

முன்னர் இருவழிச் சாலையாக இருந்த இது, 1998 இல் அறிவிக்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடுத்திட்டுடன் கூடிய நான்கு வழிச் சாலையாயிற்று. விளைபொருள் விரைந்து சந்தை சேர்கின்றது. ஆனால், ஒருபுறம் வீடும் மறுபுறம் கழனியுமாகச் சில ஊர்கள் பிரிந்து போயின. ஏரும் மாடும் மெல்ல நடக்கும். லாரியோ நொடிப்பொழுதில் நெருங்கிவிடும்.

ஆகவே, நாம் செய்ய வேண்டுவன சில உண்டு. குறுக்கு வழிக்காக நடுத்திட்டை உடைத்தல் உயிருக்கே கேடாகும். நெல்லையும் எள்ளையும் சாலையில் உலர்த்தாது, ஊராட்சியின் உலர்களத்திலேயே உலர்த்துதல் வேண்டும். மதகுகளின் வாயில் குப்பை சேராவண்ணம் காத்தால், மழைநீர் தடையின்றி ஏரிக்குச் செல்லும்.

சுரங்கப்பாதையோ மின்விளக்கோ தேவையெனில், கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புக. அதில் பழைய 45 ஆம் எண்ணை எழுதலாகாது. 2010 இல் எண்கள் மாற்றப்பட்டன: திண்டிவனம் வரை 32; அங்கிருந்து விழுப்புரம் வரை 132; அதற்கப்பால் திருச்சி வரை 38. அருகிலுள்ள கிலோமீட்டர்க் கல்லின் எண்ணையும் குறித்தால், இடத்தை அறிவது எளிதாகும்.

சாலை அரசினுடையது, அதனைக் கடக்கும் உயிர்கள் நம்முடையவை.