எர்ணாவூர் மொட்டை மாடியில் செயற்கைக்கோள் சிக்னல் பிடிப்பது எப்படி?

வடசென்னையின் எர்ணாவூரிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் ஸ்ரீஹரிகோட்டா. ஹாம் (அமெச்சூர்) வானொலிக்காரர்களுக்காக இஸ்ரோ செய்த ஹாம்சாட் 2005 மே 5 அன்றும், அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்றும், எஸ்.ஆர்.எம். மாணவர்களின் எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபர் 12 அன்றும், சத்யபாமா மாணவர்களின் சத்யபாமாசாட் 2016 ஜூன் 22 அன்றும் அங்கிருந்துதான் மேலே போயின. ராக்கெட் ஏறுவதைக் கடற்கரையில் நின்று பார்த்தவர்கள் இங்கே ஏராளம். மேலே போன பெட்டி என்ன பேசுகிறது என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு மடிக்கணினி, சில ஆயிரம் ரூபாயில் ஒரு யுஎஸ்பி டாங்கிள், இரண்டு அலுமினியக் கம்பிகள் இருந்தால் நீங்களும் கேட்கலாம்.

பலரும் மென்பொருளைப் பற்றியே யோசிப்பார்கள். நம் பகுதியில் முதலில் கவனிக்க வேண்டியது மாடியும் இரைச்சலும்தான். அதனால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதற்கு முன் கருவிகள். முதலில் டாங்கிள். டிவி பார்ப்பதற்காகச் செய்த ஆர்டிஎல்2832யூ சிப், ஆன்டெனாவில் விழும் அலையை அப்படியே எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். அதன்பின் டியூனிங், வடிகட்டல், ஒலியாக்கல் எல்லாம் கணினியின் வேலையாகிவிட்டது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற பெயரில் விற்கும் டாங்கிள்களில் டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்துக்கு ஈடுசெய்யும் அலைவாக்கி) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மலிவு டாங்கிள் சூடாகச் சூடாக அலைவெண் நகரும். சென்னை வெயிலில் அது பெரிய தொல்லை.

அடுத்து ஆன்டெனா. 49 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகளை வெட்டி, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் கனெக்டரில் முறுக்கி, 120 பாகை கோணத்தில் ‘வி’ வடிவமாகத் தரைக்கு இணையாகப் படுக்க வையுங்கள். ‘வி’யின் வாய் வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். ஒரு கம்பி கேபிளின் நடு இழைக்கு, மற்றது வலைக்கு. இது 145 மெகாஹெர்ட்ஸுக்கானது. 435 மெகாஹெர்ட்ஸுக்குத் தனியாகச் செய்தால் ஒவ்வொரு கம்பியும் 16.5 செ.மீ. போதும்.

கேபிள் விஷயத்தில் கவனம் தேவை. 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் 435 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் பாதிக்கு மேல் கரைந்துவிடும். கேபிளை நீட்டுவதை விட, டாங்கிளை ஆன்டெனா பக்கத்திலேயே வைத்து யுஎஸ்பி வயரை நீட்டுவது மேல். கடற்காற்று செம்பு இணைப்புகளைச் சீக்கிரமே பச்சை பிடிக்க வைக்கும். இணைப்புகளை சிலிக்கோன் பூசி மூடுங்கள். வேலை முடிந்ததும் ஆன்டெனாவைக் கீழே இறக்கிவிடுங்கள்.

இனி இரைச்சல். எஸ்டிஆர்++ மென்பொருளைத் திறந்து 145.8 மெகாஹெர்ட்ஸில் வாட்டர்ஃபால் திரையைப் பாருங்கள். வீட்டிலுள்ள எல்இடி பல்புகள், போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஒவ்வொன்றையும் அணைத்து அணைத்துப் பார்த்தால் எது அழுக்கைக் கொட்டுகிறது என்று தெரிந்துவிடும். வெளியிலிருந்து வருவது வேறு. கடலோர மின் கம்பங்களின் இன்சுலேட்டரில் உப்பும் தூசியும் படிந்து ஈரம் சேர்ந்தால் மின்சாரம் கசிந்து படபடவென்று சத்தம் கிளம்பும். நல்ல மழை கழுவிவிட்ட மறுநாள் அது குறையும். அந்த நாளைத் தவற விடாதீர்கள்.

துறைமுகப் பக்கம் என்பதால் கப்பல்கள் 156 மெகாஹெர்ட்ஸையொட்டிப் பலமாகப் பேசும். நகரத்து எஃப்.எம். நிலையங்கள் 88 முதல் 108 வரை முழங்கும். இந்தப் பலமான சிக்னல்களில் டாங்கிள் திணறினால் திரையில் இல்லாத சிக்னல்கள் எல்லாம் முளைக்கும். கெயினை முழுதாக ஏற்றாதீர்கள். ஆன்டெனாவை மாட்டியதும் இரைச்சல் மட்டம் லேசாக உயரும் இடம் வரை ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். முதலில் வாங்க வேண்டிய கூடுதல் கருவி எஃப்.எம். தடுப்பு ஃபில்டர். ஆம்ப்ளிஃபையர் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு சிரமத்துக்கும் ஈடாக நமக்கு ஒன்று கிடைத்திருக்கிறது: கிழக்கே கட்டடமே இல்லாத கடல். நகரின் நடுவில் இருப்பவருக்கு 20 பாகைக்கு மேல் ஏறினால்தான் செயற்கைக்கோள் கேட்கும். எர்ணாவூர் மாடியில் கிழக்குப் பக்கம் கிட்டத்தட்ட தொடுவானத்திலேயே பிடித்துவிடலாம்.

செயற்கைக்கோள் எப்போது வரும் என்பதை ஜிபிரெடிக்ட் மென்பொருள் சொல்லும். இருப்பிடமாக வடக்கு 13.19, கிழக்கு 80.31 என்று கொடுங்கள். ஹாம்களின் கட்டக் குறியீடு என்.கே.03. சுற்றுப்பாதைத் தரவைச் சில நாளுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். செயற்கைக்கோள் நம் வானைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பாஸ்; ஆரம்பத்தில் 30 பாகைக்கு மேல் ஏறும் பாஸ்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். கணினிக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ஜிபிரெடிக்ட் யுடிசி நேரம் காட்டினால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வேட்டைக்குச் சர்வதேச விண்வெளி நிலையமே சரி. 145.825 மெகாஹெர்ட்ஸில் ஏபிஆர்எஸ் பாக்கெட்டுகளை (சிறு தரவுச் செய்திகளை) அனுப்பும். எஃப்.எம். முறை, 16 கிலோஹெர்ட்ஸ் அகலம், ஸ்க்வெல்ச் அணைத்திருக்கட்டும். ஒலியை மெய்நிகர் ஆடியோ கேபிள் வழியாக டயர்வுல்ஃப் மென்பொருளுக்கு அனுப்பினால் பாக்கெட் எழுத்தாக வந்து விழும். அதிகபட்சம் பத்து நிமிடம்தான் தலைக்கு மேல் இருக்கும், தயாராக இருங்கள். சில நாட்களில் 145.800-இல் படங்களையும் அனுப்புவார்கள். பிடி120 என்ற அந்த முறையில் ஒரு படம் வர இரண்டு நிமிடம் ஆகும். ஸ்பீக்கர் அருகே போனை வைத்து ரோபோட்36 செயலியைத் திறந்தாலே படம் வரி வரியாக உருவாகும்.

வந்தது செயற்கைக்கோள்தானா? டாப்ளரைப் பாருங்கள். விம்கோ நகரைக் கடந்து போகும் ரயிலின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்குவது போல, சிக்னலும் நெருங்கும்போது மேலே நின்று விலகும்போது கீழே இறங்கும். விண்வெளி நிலையத்துக்கு 145 மெகாஹெர்ட்ஸில் இது சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ், 437-இல் 10 கிலோஹெர்ட்ஸ். திரையில் வளைந்து இறங்கும் கோடு மேலிருந்து வருவது. நேர்க்கோடாக நிற்பது தரையிலுள்ள ஏதோ ஒன்று.

அடுத்து ரஷ்யாவின் ஆர்எஸ்-44. இதன் மோர்ஸ் பீக்கன் 435.605 மெகாஹெர்ட்ஸ். உயரமான பாதை என்பதால் 20 நிமிடம் வரை கேட்கும், ஆனால் சிக்னல் மெலிது. இங்கே அளவு நாடாவை வெட்டிச் செய்த சிறிய யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்துத் திருப்புவது நன்றாக வேலை செய்யும். டாப்ளருக்கு ஏற்ப அலைவெண்ணை மாற்ற, ஜிபிரெடிக்டை எஸ்டிஆர்++ உடன் ரிக்சிடிஎல் மூலம் இணைத்துவிடுங்கள்.

மாணவர்களின் கியூப்சாட்களுக்கு வரும்போது நேரடியாக டீகோட் செய்ய அவசரப்படாதீர்கள். டாங்கிள் தரும் எண்களை அப்படியே சேமிக்கும் ஐ/க்யூ பதிவு எடுத்துவிடுங்கள். நொடிக்கு 2.5 லட்சம் மாதிரி, 16 பிட் என்றால் பத்து நிமிடத்துக்கு 600 எம்பி ஆகும். பிறகு நிதானமாக ஜிஆர்-சாட்டிலைட்ஸ் மென்பொருளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். டேனியல் எஸ்டேவெஸ் எழுதிய இந்த இலவச மென்பொருளுக்கு ஏராளமான செயற்கைக்கோள்களின் மொழி தெரியும்.

அது தரும் பதினறும (ஹெக்ஸ்) எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏஎக்ஸ்.25 முறையில் ஒவ்வொரு ஃபிரேமின் (தரவுத் தொகுப்பின்) தொடக்கத்தில் அழைப்புக் குறிகள் இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் ஒரு பிட் இடப்பக்கம் தள்ளப்பட்டு. ‘ஆர்’ எழுத்தின் குறியெண் 52, தள்ளினால் ஏ4. ‘எஸ்’ 53, தள்ளினால் ஏ6. ஆகவே ஏ4 ஏ6 60 92 ஏ6 ஏ6 என்று கண்டால் ஆர்எஸ்0ஐஎஸ்எஸ், அதாவது விண்வெளி நிலையம். இந்த முறையில் பிழை திருத்தம் கிடையாது. ஒரு பிட் தவறினாலும் முழு ஃபிரேமும் போய்விடும். ஒலி தெளிவாகக் கேட்டும் எதுவும் டீகோட் ஆகாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஹாம் அலைவரிசைகளோடு நில்லுங்கள். துறைமுகம், கடலோரக் காவல் படை பேசுவதைப் பதிவு செய்யவோ பரப்பவோ கூடாது. பதில் பேசும் ஆசை வந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வெழுதி உரிமம் வாங்குங்கள்.

டீகோட் செய்ததைக் கணினியில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு கல்லூரிக் குழுவின் தரை நிலையத்துக்குத் தன் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில பாஸ்களே தெரியும். மற்ற நேரம் பேட்டரி விழுகிறதா, சூடாகிறதா என்பதை முன்பின் தெரியாத யாரோ பிடித்துக் கொடுக்கும் ஃபிரேமிலிருந்துதான் அறிகிறார்கள். நேரம், இடம் குறித்து சாட்நாக்ஸ் தரவுத்தளத்துக்கு அனுப்புங்கள். வங்கக் கடலின் மேல் கேட்கும் காதுகள் குறைவு. எர்ணாவூரிலிருந்து போகும் ஒவ்வொரு ஃபிரேமும் அவர்களுக்குத் தேவை.