காலிப் பாட்டிலுக்கும் ஒரு மதிப்பு வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மேட்டுப்பாளையத்தில் உன்னோடு படிக்கும் மாணவ மாணவியர் சிலர் ஒன்றுகூடி, குடித்தபின் எறியப்படும் பாட்டில்களும் டின்களும் பவானி ஆற்றிலும் மலைச்சாலை ஓரத்திலும் போய்ச் சேராமல் மீண்டும் பயனுக்கு வரும்படி செய்ய வேண்டுமென்று தீர்மானித்திருப்பதை அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். அதற்காக நடத்தப்போகும் கூட்டத்தில் பேசுவதற்குக் கருத்துகள் எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறாய். பேச்சுக்கு முன்னால் நீங்கள் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஜனங்கள் பாட்டிலை எறிவது பெரும்பாலும் துஷ்ட எண்ணத்தினால் அன்று. தாகம் தீர்ந்த அந்தக் கணமே அது அவர்கள் கையில் பிரயோஜனமற்ற சுமையாகிவிடுகிறது. ஆகவே காலியான பாட்டிலுக்கும் ஒரு மதிப்பு இருக்கும்படியும், அதைத் திருப்பிக் கொடுக்கும் இடம் அருகிலேயே இருக்கும்படியும் ஏற்பாடு செய்துவிட்டால், நூறு உபதேசங்களால் ஆகாத காரியம் ஆகிவிடும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த யோசனை நமக்குப் புதிதன்று. கோலி சோடா விற்ற பெட்டிக்கடைகளில் பாட்டில் கடைக்காரருக்குச் சொந்தம், உள்ளே இருக்கும் சோடா மட்டுமே வாங்குபவருக்குச் சொந்தம் என்பது எவரும் எழுதி வைக்காமலே எல்லோரும் அறிந்த நியாயமாக இருந்தது. வாங்கியவர்கள் கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பி வைப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமானால் பாட்டிலுக்கென்று முன்பணம் கட்டிவிட்டுப் போவார்கள். 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் உருவாக்கிய அந்தக் கனத்த பாட்டில், கழுவப்பட்டும் நிரப்பப்பட்டும் மீண்டும் மீண்டும் உழைத்தது. மற்றக் குளிர்பானங்களின் கண்ணாடிப் பாட்டில்களும் அவ்வாறே காலியானபின் தொழிற்சாலைக்குத் திரும்பின. பிளாஸ்டிக் வந்தபின், பாட்டில் இலேசாகவும் மலிவாகவும் ஆகிவிட, அதைத் திரும்பப் பெற வேண்டிய அவசியம் உற்பத்தியாளருக்கு இல்லாமற்போய், காலிப் பாட்டில் எவருக்கும் சொந்தமில்லாத பொருளாகத் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பழைய நியாயத்தை மீண்டும் உயிர்ப்பிக்க முடியும் என்பதற்கு உன் ஊருக்கு மேலே நிற்கும் நீலகிரியே சாட்சி. காட்டோரங்களில் மது அருந்துவோர் வீசிச் செல்லும் பாட்டில்கள் உடைந்து, யானைகளின் பாதங்களில் கண்ணாடித் துண்டுகள் தைத்துப் புண்ணாகும் கொடுமை சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. உண்பதற்கும் நீர் அருந்துவதற்கும் நாள்தோறும் நெடுந்தூரம் நடந்தாக வேண்டிய அந்தப் பிராணிக்குப் பாதத்தில் ஏற்படும் புண் எத்தகைய விபத்து என்பதை நீயே எண்ணிப் பார். நீதிமன்றத்தின் வற்புறுத்தலின் பேரில், 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கப்பட்டு, காலிப் பாட்டில் திரும்பி வந்ததும் அந்தப் பணம் திருப்பித் தரப்பட்டது. குடித்தவரே கொண்டுவர வேண்டுமென்பதில்லை. சாலையோரத்தில் கிடந்ததைப் பொறுக்கிக் கொண்டுவந்த ஏழைக்கும் அதே 10 ரூபாய் கிடைத்தது. குடிப்பவர்களின் சுபாவம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. ஆயினும் பாட்டிலுக்கு மதிப்பு ஏற்பட்டதனால் விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி கடைக்குத் திரும்பியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் விரிவடைந்தது. ஆனால் காலிப் பாட்டில்களை அடுக்கக் கடையில் இடமில்லை, எண்ணிப் பார்த்துப் பணம் கொடுக்கப் போதிய ஆட்களில்லை என்று கடை ஊழியர்கள் முறையிட்டதையும் நீ மறந்துவிடக் கூடாது. திருப்பித் தருபவரின் சௌகரியத்தைப் போலவே திருப்பி வாங்குபவரின் சிரமத்தையும் பரிசீலிக்காத எந்தத் திட்டமும் நெடுநாள் நிற்பதில்லை.

வெளிநாட்டு அனுபவத்திலிருந்தும் ஒரு பாடம் சொல்கிறேன். அமெரிக்காவில் இத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றிய ஆரிகன் மாநிலம், 1971-இல் ஒரு பாட்டிலுக்கு 5 சென்ட் என்று முன்பணம் நிர்ணயித்தது. விலைவாசி பன்மடங்கு ஏறியும் அந்த 5 சென்ட் மட்டும் ஏறாமலே நின்றதனால், காலப்போக்கில் அதை ஒரு பொருட்டாக மதிப்பவர் குறைந்து, திரும்பி வரும் பாட்டில்கள் 80 சதவீதத்துக்கும் கீழே இறங்கின. 2017-இல் முன்பணம் 10 சென்டாக உயர்த்தப்பட்டதும், அந்த எண்ணிக்கை மீண்டும் 80 சதவீதத்தைத் தாண்டியது. ஜெர்மனியிலோ 2003 முதல், ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்கப்படுகிறது. சாமான் வாங்கப் போகும் கடையிலேயே பாட்டிலை உள்ளே வைத்தால் பணத்துக்குச் சீட்டு கொடுக்கும் இயந்திரமும் இருப்பதனால், 90 சதவீதத்துக்கும் மேலானவை திரும்பி வருகின்றன. மதிப்பும் அருகாமையும் ஒன்றுசேரும் இடத்தில் காரியம் ஜெயிக்கிறது.

சட்டம் செய்யும் அதிகாரம் உங்களுக்கு இல்லையே என்று சோர்ந்துவிடாதே. உங்கள் தெருவில் செய்யக்கூடியவை பல உண்டு. முதலில் பழைய பேப்பர் கடைக்கும் காயலான் கடைக்கும் போய், பெட் பாட்டில், அலுமினிய டின், கண்ணாடி ஒவ்வொன்றையும் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். அலுமினிய டின்னை உருக்கி மீண்டும் உலோகமாக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்குத் தேவையான சக்தியில் சுமார் 5 சதவீதமே போதும். அதனால்தான் அதற்கு நல்ல விலை உண்டு. கண்ணாடியை எத்தனை தடவை உருக்கினாலும் அதன் குணம் கெடாது. ஆனால் பீங்கான் துண்டு கலந்துவிட்டால் உருக்கிய கண்ணாடி வீணாகும், நிறம் பிரித்து வைக்காவிட்டால் விலை குறையும். பெட் பாட்டிலின் மூடி வேறு வகைப் பிளாஸ்டிக். ஆலையில் பாட்டிலையும் மூடியையும் துண்டுகளாக்கித் தண்ணீரில் இடும்போது மூடித் துண்டுகள் மிதக்கும், பெட் துண்டுகள் அமிழும், அவ்வாறே அவற்றைப் பிரிக்கிறார்கள். காகிதமும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய பழச்சாற்று அட்டைப் பெட்டியோ எளிதில் பிரியாது; அதற்குத் தனி ஆலை வேண்டும். இந்த விவரங்களை அறிந்து பேசுகிறவர்களின் வார்த்தைக்கு ஊரில் மரியாதை உண்டு.

அடுத்ததாக, பாட்டிலை அலசி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனிச் சாக்கில் போட்டு வைக்கும்படி வீடுகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கலந்த குப்பையில் கிடக்கும் உடைந்த கண்ணாடி தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கிறது என்ற ஓர் உண்மையைச் சொன்னாலே இரக்கமுள்ளவர்கள் கேட்பார்கள். கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒரே நாளில் குவியும் பாட்டில்கள் ஏராளம். ஆதலால் மண்டபத்தாரிடமும் விழாக் குழுவினரிடமும் முன்கூட்டியே பேசி, தண்ணீர் வழங்கும் இடத்திலேயே சாக்கு வைக்க அனுமதி வாங்குங்கள். சேர்த்ததை விற்று வரும் பணத்தின் கணக்கை ஊரறிய எழுதி ஒட்டுங்கள். கணக்கு வெளிப்படையாக இல்லாத பொதுக்காரியம் சந்தேகத்தில் அழிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தோளில் சாக்குடன் தெருத்தெருவாகப் போய்ப் பாட்டில் பொறுக்குகிறவர்களை மறந்துவிடாதீர்கள். எந்தச் சங்கமும் தொடங்கப்படுவதற்கு முன்பே இந்தத் தேசத்தின் பாட்டில்களைக் காப்பாற்றி வந்தவர்கள் அவர்கள்தாம். உங்கள் முயற்சி அவர்கள் பிழைப்பைப் பறிப்பதாக இருந்தால் அது தர்மமாகாது. வீடுகளில் பிரித்து வைத்த பாட்டில்களை அவர்கள் கையிலேயே கௌரவமாகச் சேர்ப்பித்து, குப்பையைக் கிளறும் துன்பத்திலிருந்து அவர்களை விடுவிப்பதாக இருந்தால் அதுவே சேவையாகும்.

ஆகையால் கூட்டத்தில் நீ நீண்ட நேரம் பேச வேண்டாம். காயலான் கடை விலையையும், சாக்கு வைக்கப்போகும் இடத்தையும், அதை எடுக்க ஆள் வரும் நாளையும் தெளிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு. சொன்ன நாளில் தவறாமல் ஆள் வந்தால், அடுத்த வாரம் ஊரே பாட்டிலுடன் காத்திருக்கும்.

என்றும் உன் நலம் நாடும்,
பெரியப்பா