ப்ரீஆம்ப் வாங்கும் முன்

சி.டி. பிளேயரும் பவர் ஆம்பும் கையில் இருக்கிறதா? ப்ரீஆம்புக்குப் பணம் போடும் முன், ஆம்புடன் வந்த கையேட்டைப் புரட்டி 'இன்புட் சென்சிட்டிவிட்டி' என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலான சி.டி. பிளேயர்கள் 2 வோல்ட் வரை தரும். ஆம்புக்கு 1 அல்லது 1.5 வோல்ட் போதும் என்றால், பாஸிவ் ப்ரீஆம்பே தாராளம். உள்ளே ஒரு வால்யூம் கண்ட்ரோலும் செலக்டர் ஸ்விட்சும்தான். மின்சாரமே வேண்டாம், அது தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்க்காது.

ஆனால் கேபிள் நீளத்தில் கவனம் தேவை. 50 கிலோ ஓம் கண்ட்ரோலுக்குப் பின்னால் 5 மீட்டர் கேபிள் இழுத்தால், ஜால்ராவின் கணீர் ஒலி மழுங்கிவிடும். 10 கிலோ ஓம் கண்ட்ரோலாகப் பார்த்து வாங்கி, கேபிளை 1 மீட்டருக்குள் வையுங்கள். ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் 47 கிலோ ஓம் அளவில் இருந்தால் நல்லது.

ஆம்ப் அறையின் மறுகோடியில் இருக்கிறதா, வால்யூமை முழுக்கத் திருப்பியும் பாட்டு எடுபடவில்லையா? மின்சாரத்தில் இயங்கி சிக்னலைப் பெருக்கும் ஆக்டிவ் ப்ரீஆம்ப்தான் சரி. ரெக்கார்ட் பிளேயருக்கு இரண்டில் எதுவானாலும், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ ஸ்டேஜ் அவசியம். சில ஆக்டிவ் ப்ரீஆம்ப்களில் அது உள்ளேயே இருக்கும், கேட்டு வாங்குங்கள்.