அறுவை அரங்கில் ஒரு துணைக்கண்

முன்னுரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளில் தரம் பிரிப்போரை நாம் அறிவோம். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, கீறலையும் தழும்பையும் உண்ணி கடித்த வடுவையும் நொடிப்பொழுதில் கண்டு தரம் கூறுவர். இவ்வறிவு நூலில் கற்றதன்று; மூத்தவர் அருகிலிருந்து ஆயிரக்கணக்கான தோல்களைப் பார்த்த கண்ணின் பழக்கம். இத்தகைய பழக்கத்தைக் கணிப்பொறிக்கு ஊட்டி, அறுவை மருத்துவருக்குத் துணையாக்கும் முயற்சி இன்று நடைபெறுகிறது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் அதன் இயல்பையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்வழிக் கல்வி

அறுவைக் கலை என்றும் கண்வழியே கற்கப்பட்டு வந்துள்ளது. ஸ்பெயினின் குர்துபாவில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 30 பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீப்' நூலின் இறுதிப் பகுதியை அறுவைக்கே ஒதுக்கி, ஏறத்தாழ 200 கருவிகளை வரைந்து காட்டினார். இன்று ஓவியத்தின் இடத்தைக் காணொளி பெற்றுள்ளது. வயிற்றில் சிறு துளையிட்டு, கேமரா பொருத்திய குழலைச் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில், மருத்துவர் திரையைப் பார்த்தே அறுக்கிறார். ஆகவே அவர் காண்பதனைத்தும் பதிவாகக் கூடியதே.

பொறி கற்கும் முறை

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகர ஆய்வாளர்கள், 13 மருத்துவர்கள் செய்த 80 பித்தப்பை அறுவைகளின் காணொளிகளைத் திரட்டினர்; ஒவ்வோர் அறுவையையும் 7 கட்டங்களாகப் பகுத்துக் குறியிட்டனர். இப்போது நடப்பது எக்கட்டம், கையாளப்படும் கருவி எது என்பதைப் பொறி அவற்றிலிருந்து கற்றது. இவ்வாய்வு 2016இல் வெளிவந்தது.

அடுத்த படி ஆபத்தை உணர்த்துதல். பித்தப்பையின் குழாய் என மயங்கி, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் செல்லும் பொதுக் குழாயை வெட்டிவிட்டால் நோயாளி வாழ்நாள் முழுதும் துன்புற நேரிடலாம். பித்தப்பையை அடைபவை ஒரு குழாயும் ஒரு தமனியுமே எனத் தெளியும்வரை எதையும் வெட்டலாகாது என்னும் நெறியை அமெரிக்க மருத்துவர்கள் 1995இல் வலியுறுத்தினர். அத்தெளிவு கிட்டியதா எனக் கூறவும், கத்தி செல்லத்தக்க இடத்தையும் தகாத இடத்தையும் திரையில் வண்ணமிட்டுக் காட்டவும் பொறிகள் இன்று பயிற்றப்படுகின்றன.

வேலூர் தரும் பாடம்

எனினும், பொறி தனக்குக் காட்டப்பட்டதையே அறியும். ஆட்டுத்தோலை மட்டுமே கண்டவர் எருமைத்தோலுக்குத் தரம் கூறத் தயங்குவார். அதுபோல, அயல்நாட்டு நோயாளிகளை மட்டுமே கண்ட பொறி, நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வரும் நம் கூலித் தொழிலாளியின் பித்தப்பையைக் கண்டு தடுமாறக்கூடும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1948இல் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தினார். நம் நோயாளிகளின் கைகளில் பிறந்த அவ்வறிவு உலகெங்கும் பயன்பட்டது. அவ்வாறே நம் அறுவை அரங்குகளின் பதிவுகளும் பொறியின் பாடநூலில் இடம்பெறுதல் வேண்டும். ஆனால் நோயாளியின் இசைவு பெற்று, அவர் யாரென அறியாவண்ணம் காத்த பின்னரே அவை தரப்பட வேண்டும்.

குறள் காட்டும் இடம்

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்காகப் பகுக்கிறார். பொறிக்கு உரியது இந்நான்காம் இடமே எனலாம். அது களைப்பதில்லை, கண் அயர்வதில்லை. ஆயினும் திரைக்கு வெளியே உள்ள மனிதரை அது காணாது. நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செய்க என அதற்கு முந்தைய குறள் மருத்துவருக்கே கட்டளையிடுகிறது.

முடிவுரை

தவறு நேர்ந்தால் நோயாளியின் வீட்டாருக்கு மறுமொழி கூற வேண்டியவர் மருத்துவரேயன்றிப் பொறியன்று. எனவே துணைக்கண்ணை வரவேற்போம். தீர்ப்பை மருத்துவரிடமே விடுவோம். அக்கண்ணுக்கு நம் மக்களின் உடலையும் நோயையும் முறையாக அறிமுகம் செய்வது நம் கடமையாகும்.